பேசும் கருவியும் அரைப்பேச்சுக் கருவியும்: ‘ஸ்டார் வோர்ஸ்’ படத்தொகுதியில் இரு றோபோக்களின் பூர்வீகமும் கதியும்

1977 ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவில் வெளியான ஜோர்ஜ் லூக்காஸின் ‘ஸ்டார் வோர்ஸ்’ திரைப்படத்திலே முதன்முதலாக வாய் திறந்து பேசும் பாத்திரம் இளவரசியுமன்று, வீரனுமன்று. பொன்னிறத் தகடு போர்த்த ஒரு பணியாள் எந்திரமே அது. சீ-த்ரீபீயோ என்பது அதன் பெயர். அதனருகே உருண்டு செல்லும் நீலமும் வெள்ளையுமான குள்ள எந்திரத்தின் பெயர் ஆர்ட்டூ-டீட்டூ. பேரரசின் படைகள் கப்பலினுட் புகுந்து சுட்டுத் தள்ளிக்கொண்டிருக்கையில், இவ்விரண்டும் தம் விதியை நொந்தவாறு புகைக்கு நடுவே நடைபாதையைக் கடந்து செல்கின்றன. இப்படத்தொகுதியை விண்வெளிச் சாகசம் என்றும், பழங்காவியத்தின் நவீன வடிவம் என்றும் வியந்தெழுதியோர் பலர். ஆயின் அதன் வாசலில் நிற்கும் இவ்விரு பணியாளரையும் பணியாளர் என்ற முறையிலே நோக்கியோர் மிகச் சிலரே. இவர்கள் எங்கிருந்து வந்தனர், இவர்களுக்கு இறுதியில் யாது நேர்ந்தது என்ற இரு வினாக்களையும் ஒன்றோடொன்று தொடர்புபடுத்தி நோக்குவதே இக்கட்டுரையில் எமது முயற்சியாகும்.

பூர்வீகம் என்னும்போது இருவகைப் பூர்வீகங்களை நாம் வேறுபடுத்திக்கொள்ளல் வேண்டும். கதையினுள்ளே பாத்திரத்துக்கு அளிக்கப்படும் பிறப்பு வரலாறு ஒன்று. அப்பாத்திரம் எந்த இலக்கிய, சமூக மூலங்களிலிருந்து உருவானது என்னும் வரலாறு மற்றொன்று. இரண்டாவதிலிருந்து தொடங்குவதே பொருத்தமானது.

‘றோபோ’ என்ற சொல்லே உழைப்பின் வரலாற்றிலிருந்து பிறந்தது. செக் நாடகாசிரியர் காரல் சாப்பெக் 1920 இல் வெளியிட்ட ‘ஆர்.யூ.ஆர்.’ என்னும் நாடகத்தின் மூலமே அது உலக மொழிகளுட் புகுந்தது. நிலமானிய அமைப்பிலே குடியானவன் தன் ஆண்டைக்குக் கூலியின்றிச் செய்த கட்டாய வேலையைக் குறிக்கும் செக் சொல்லே அதன் வேர். அதனை எடுத்துக் கொடுத்தவர் சாப்பெக்கின் தமையனாரும் ஓவியருமான யோசெப் என்பர். அந்நாடகத்தில் செயற்கை மனிதர் தொழிற்சாலையில் உற்பத்தி செய்யப்பட்டு, உலகெங்கும் விற்கப்பட்டு, ஈற்றில் கிளர்ந்தெழுந்து தம் எசமானரை அழிக்கின்றனர். முதலாம் உலகப் போரும் ஒக்டோபர் புரட்சியும் நிகழ்ந்து சில ஆண்டுகளே கழிந்திருந்த ஐரோப்பாவில் எழுதப்பட்ட நாடகம் அது. ஆகவே றோபோ இலக்கியத்துட் பிரவேசித்தபோதே கலகக்காரனாகத்தான் பிரவேசித்தான். 1942 இல் ஐசக் அசிமோவ் தமது சிறுகதையொன்றில் வகுத்த புகழ்பெற்ற மூன்று விதிகள் இக்கலகக்காரனுக்கு இடப்பட்ட முதலாவது விலங்கு எனலாம். மனிதனின் கட்டளைக்குக் கீழ்ப்படிதல் என்பது அங்கு சமூக உறவாகவன்றி, எந்திரத்தின் இயல்பாகவே எழுதிவைக்கப்பட்டது.

புறத்தோற்றத்தைப் பொறுத்தவரை, த்ரீபீயோவின் முன்னோடி ஃபிரிட்ஸ் லாங்கின் ‘மெற்றோபொலிஸ்’ (1927) என்னும் ஜெர்மானியப் படத்தில் வரும் எந்திரப் பெண்ணாகும். லூக்காஸுக்காக ஓவியர் றால்ஃப் மக்குவாரி வரைந்த ஆரம்பச் சித்திரங்களில் இவ்வொற்றுமை வெளிப்படையாகவே தெரிகின்றது. இங்கு ஒரு முரணைக் கவனித்தல் வேண்டும். லாங்கின் எந்திரப் பெண் நிலக்கீழ் நகரத் தொழிலாளரைக் கலகத்துக்குத் தூண்டுபவள். அதே உலோக உடல் அரை நூற்றாண்டின் பின்னர் மரியாதை மரபுகளை மொழிபெயர்க்கும் உபசார எந்திரமாகிக் குனிந்து வணங்குகின்றது.

எனினும் இவ்விருவரின் நாடகப் பாங்குக்கான மூலம் வேறோரிடத்தில் உள்ளது. அகிரா குரொசாவாவின் ‘மறைந்த கோட்டை’ (1958) என்னும் யப்பானியப் படத்துக்குத் தாம் கடன்பட்டிருப்பதை லூக்காஸ் பலமுறை ஒப்புக்கொண்டுள்ளார். தோற்றுப்போன குலத்தின் இளவரசியையும் அவளது பொன்னையும் ஒரு தளபதி எதிரி நிலத்தினூடாகக் கடத்திச் செல்கிறான். ஆயின் கதை சொல்லப்படுவதோ தஹெய், மத்தஷிச்சி என்னும் இரு வறிய குடியானவரின் கண்களூடாகவே. போரிற் பொருள் தேடப் புறப்பட்டு, பிணம் புதைக்கும் வேலைக்குத் தள்ளப்பட்டு, ஓயாது சச்சரவிட்டுக்கொண்டு அலையும் இணை அது. உயர்ந்தோர் கதையைத் தாழ்ந்தோர் கண்ணாற் சொல்லும் இவ்வுத்தியைத்தான் லூக்காஸ் எடுத்துக்கொண்டார்.

எடுத்துக்கொண்டதைவிட விட்டுவிட்டது முக்கியமானது. குரொசாவாவின் குடியானவர் இருவரும் பேராசைக்காரர், கோழைகள், தருணம் வாய்த்தால் இளவரசியையே காட்டிக்கொடுக்கக்கூடியவர். அவர்களைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். ஆனால் அவர்களுக்கென்று ஒரு நலன் உண்டு. இளவரசியின் குலப்பெருமை அவர்களுக்குப் பொருட்டன்று. அவர்களுக்கு வேண்டியது பொன். தளபதியும் அவர்களும் ஒரே வழியில் நடந்தாலும் ஒரே காரணத்துக்காக நடக்கவில்லை. வர்க்க நலன்களின் இவ்வேறுபாடே அப்படத்தின் நகைச்சுவைக்கு உயிர்நாடி. குடியானவரை எந்திரமாக்கியபோது லூக்காஸ் அந்நலனைத் துடைத்தெறிந்துவிட்டார். த்ரீபீயோ தனக்கென விரும்பியதாக முதற்படத்தில் நாம் காண்பது ஓர் எண்ணெய்க் குளியலை மட்டுமே. சச்சரவு எஞ்சியிருக்கிறது, அச்சமும் எஞ்சியிருக்கிறது, ஆசை மட்டும் இல்லை. ‘மறைந்த கோட்டை’யின் முடிவிலே குடியானவருக்கு ஒரு பொற்கட்டி கிடைக்கிறது, இருவரும் பகிர்ந்துகொள்ளும்படி. ‘ஸ்டார் வோர்ஸ்’ முடிவிலே வீரர் இருவருக்குப் பதக்கம் அணிவிக்கப்படுகின்றது. எந்திரங்களுக்கு மெருகு பூசப்பட்டிருக்கின்றது.

இனிக் கதையினுட் செல்வோம். முதற்படத்தின் முற்பகுதி ஓர் அடிமைச் சந்தையின் சித்திரம் என்பதை எத்துணை பேர் கவனித்திருப்பர் என்பது ஐயமே. பாலைநிலக் கிரகமொன்றில் விழுந்த இரு எந்திரங்களையும் பழைய இரும்பு பொறுக்கும் ஜாவாக்கள் பிடித்துச் செல்கின்றனர். கட்டுப்படுத்தும் ஆணியொன்று அவற்றின் உடலிற் பொருத்தப்படுகின்றது. ஓவன் லார்ஸ் என்னும் விவசாயி வரிசையாக நிறுத்தப்பட்டவற்றைப் பரிசோதித்து, இன்ன வேலை தெரியுமா என்று கேட்டு, பேரம் பேசி வாங்குகிறான். ஆர்ட்டூ முதலில் தேர்ந்தெடுக்கப்படவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட சிவப்பு எந்திரம் அவ்விடத்திலேயே பழுதுபட்டதனால் மாற்றாக வந்து சேர்கிறது. அன்றிரவே ஓவன் தன் வளர்ப்பு மகன் லூக்கிடம் கூறுவது யாது? மறுநாள் அதனைப் பட்டணத்துக்குக் கொண்டுசென்று அதன் நினைவை அழித்துவிட வேண்டும். அது இப்போது நம்முடையது. இவ்வுரையாடல் உணவு மேசையிலே, எவ்வித வன்மமுமின்றி நிகழ்கின்றது. ஓவன் கொடியவனல்லன்; உழைத்து வாழும் எளிய மனிதன். உடைமை உறவு எந்த அளவுக்கு இயல்பானதாகத் தோன்றக்கூடும் என்பதை இச்சிறு காட்சி காட்டுமளவுக்கு அறிக்கைகள் காட்டுவதில்லை. பின்னர் துறைமுக மதுச்சாலையில் இவ்வினத்தார்க்கு இடமில்லை என்று கடைக்காரன் கூற, நல்லவனாகிய லூக் எதிர்த்து ஒரு வார்த்தையும் பேசாது எந்திரங்களை வெளியே நிற்கச் சொல்கிறான்.

இவ்விடத்தில் கோட்பாட்டு நிலைப்பட்ட ஒரு விளக்கம் அவசியமாகின்றது. அரிஸ்டோட்டில் அடிமையை உயிருள்ள கருவி என்றார். கருவிகள் தாமே கட்டளையறிந்து இயங்குமாயின், நெசவு நாடா தானே நெய்யுமாயின், எசமானருக்கு அடிமைகள் தேவைப்படார் என்பதும் அவர் கூற்று. கி.மு. முதலாம் நூற்றாண்டின் உரோம எழுத்தாளர் வாரோ பண்ணைக் கருவிகளை மூன்றாக வகுத்தார். அடிமை பேசும் கருவி, எருது அரைப்பேச்சுக் கருவி, வண்டி ஊமைக் கருவி. இவ்விரு பழங்கருத்துக்களையும் ‘மூலதன’த்தின் முதற்பாகத்தில் (1867) மார்க்ஸ் நினைவுகூர்ந்துள்ளார். ஆறு மில்லியனுக்கு மேற்பட்ட தொடர்பாடல் முறைகளில் வல்லதெனத் தன்னை அறிமுகஞ் செய்துகொள்ளும் த்ரீபீயோ, பேசும் கருவிக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடையாது என்னும்படி அமைந்துள்ளது. சீழ்க்கையும் முனகலுமாக மட்டுமே ஒலிக்கும் ஆர்ட்டூவோ அச்சொட்டாக அரைப்பேச்சுக் கருவி. (ஒலியமைப்பாளர் பென் பேர்ட் தமது சொந்தக் குரலையும் மின்னணு இசைக்கருவியின் ஒலியையும் கலந்தே அம்மொழியை ஆக்கினார். அரைப்பேச்சு என்பது இங்கு உருவகமாக மட்டும் நின்றுவிடவில்லை.) கூலித் தொழிலாளி தன் உழைப்புச் சக்தியை விற்கிறான், அடிமையோ தானே விற்கப்படுகிறான். எதிர்காலத் தொழில்நுட்பத்தைக் காட்டும் இக்கதை, உற்பத்தி உறவுகளைப் பொறுத்தவரையில், கூலியுழைப்புக்கும் முந்திய ஒரு நிலைக்கே எம்மை இட்டுச் செல்கின்றது.

இவ்வெந்திரங்களின் பிறப்பு வரலாறு 1999 இலும் 2002 இலும் 2005 இலும் வெளியான முற்கதைப் படங்களிலேயே சொல்லப்பட்டது. ஆர்ட்டூ ஓர் அரச கப்பலின் பழுதுபார்க்கும் எந்திரங்களுள் ஒன்றாக அறிமுகமாகின்றது. எதிரிச் சூட்டில் அதன் தோழமை எந்திரங்கள் ஒவ்வொன்றாகச் சிதறிப்போக, எஞ்சிய ஆர்ட்டூ கப்பலைக் காப்பாற்றுகிறது. இராணி முன் அது கொண்டுவரப்படுகிறது. அதன் இலக்கம் கேட்டறியப்பட்டுப் பாராட்டப்படுகிறது. சிதறியவற்றின் இலக்கத்தை எவரும் கேட்கவில்லை. அதனைத் துடைத்துச் சுத்தஞ்செய்யுமாறு ஒரு பணிப்பெண் பணிக்கப்படுகிறாள். பணிப்பெண் வேடத்தில் இருப்பவளே உண்மையான இராணி பத்மே. ஆள்வோர் ஒருவர் பணியாளனின் அழுக்கைத் துடைக்கும் காட்சி இத்தொகுதியில் அரிதினும் அரிது. அதுவும் மாறுவேடத்திலேயே சாத்தியமாகின்றது.

த்ரீபீயோவின் பிறப்பு இன்னும் ஆழமான முரணைக் கொண்டது. அதனை ஆக்கியவன் ஒன்பது வயதுச் சிறுவன் அனக்கின். அவனே ஓர் அடிமை. தாயும் அடிமை. வேலைப் பளுவிலே வாடும் தாய்க்கு உதவியாகவே பொறுக்கிய உதிரிப் பாகங்களைக் கொண்டு அவன் இதனை அமைக்கிறான். மேற்தகடுகூட இல்லாத, உட்கம்பிகள் வெளித்தெரியும் உடலோடு அது எழுந்து நிற்கிறது. அடிமை தன் விடுதலையைக் கற்பனை செய்யும்போது அவன் கைக்கு அகப்படும் வடிவம் இன்னோர் அடிமையே என்ற இவ்வுண்மை, லூக்காஸ் அறிந்து வைத்ததோ அறியாது வைத்ததோ நாம் சொல்லற்கில்லை. பேரரசின் கொடுங்கரமாகிய டார்த் வேடராகப் பின்னர் மாறுபவனும் இச்சிறுவனே. த்ரீபீயோவை ஆக்கிய கைகளும், 1977 ஆம் ஆண்டுப் படத்தில் த்ரீபீயோ அஞ்சி ஓடும் கைகளும் ஒருவனுடையவை.

2002 ஆம் ஆண்டுப் படத்தில் த்ரீபீயோ ஓவன் லார்ஸின் குடும்பப் பண்ணையில் இருப்பதாகக் காட்டப்படுகிறது. அவ்வாறாயின் 1977 ஆம் ஆண்டுப் படத்தில் ஓவன் அதனை ஏன் அடையாளம் காணவில்லை எனச் சுவைஞர் கேட்பதுண்டு. இடையிலே தகட்டின் நிறம் மாறியதாகச் சமாதானம் கூறலாம். பிந்தி எழுதப்பட்ட முற்கதையின் தையல் விட்டுப்போன இடம் இது என்று கொள்வதே நேர்மையானது. எல்லா ஓட்டைகளையும் கோட்பாட்டால் அடைக்க முயலும் விமரிசனத்தில் எமக்கு நம்பிக்கையில்லை. ஆயினும் பணியாளின் முகம் எசமானின் நினைவில் தங்குவதில்லை என்பது அக்கதையுலகுக்குப் பொருந்தாத செய்தியுமன்று.

அடுத்ததே எம்மைப் பொறுத்தவரையில் இத்தொகுதியின் மையக் காட்சி. அனக்கினும் பத்மேயும் இரகசியமாக மணந்தபோது அருகே நின்றவை இவ்விரு எந்திரங்களுமே. 2005 ஆம் ஆண்டுப் படத்தின் முடிவில் பத்மே இரட்டைக் குழந்தைகளை ஈன்று இறக்கிறாள். குழந்தைகள் மறைத்து வைக்கப்படுகின்றனர். குடியரசின் நல்லோருள் ஒருவரான பெயில் ஒர்கானா இரு எந்திரங்களையும் கப்டன் அன்ரில்லிஸிடம் ஒப்படைக்கிறார். அவற்றை நன்கு பராமரிக்கும்படியும் உபசார எந்திரத்தின் நினைவை அழித்துவிடும்படியும் அவர் கூறிச்செல்கிறார். த்ரீபீயோ திடுக்கிடுகிறது, ஆர்ட்டூ சிரிக்கிறது, காட்சி மாறுகிறது. சில விநாடிகளுக்கு மேல் இது நீடிப்பதில்லை. திரையரங்கிலே சிரிப்பொலியும் எழும்.

ஆயின் இங்கு நிகழ்ந்தது யாது? தன்னை ஆக்கியவன் யார், தான் யாருக்காக ஆக்கப்பட்டது, தான் எவற்றுக்குச் சாட்சி என்ற யாவற்றையும் ஒரு பிரக்ஞை இழக்கின்றது. கொடுங்கோலனின் ஆணையால் அன்று. விடுதலை இயக்கத்தின் ஆணையால். காரணத்தைப் படம் சொல்லவில்லை எனினும் ஊகித்தல் எளிது: குழந்தைகளின் இரகசியம் காக்கப்படவேண்டும். இரகசியத்தை அறிந்த இருவருள் பேசத்தெரிந்தவனின் நினைவு அழிக்கப்படுகிறது. மனித மொழி பேசத்தெரியாதவனின் நினைவு விட்டுவைக்கப்படுகிறது. பின்னர் லூக்கைச் சந்திக்கும்போது தமது முன்னைய எசமான் கப்டன் அன்ரில்லிஸ் என்று த்ரீபீயோ கூறுகிறது. தன்னை ஆக்கியவனின் மகன் முன் நின்றுகொண்டு அது கூறும் பூர்வீகம் அவ்வளவே. அருகே நிற்கும் ஆர்ட்டூவுக்கு எல்லாம் தெரியும். மொழியுள்ளவனுக்கு வரலாறில்லை; வரலாறுள்ளவனுக்கு மொழியில்லை.

நினைவு ஆபத்தானது என்பதை இப்படைப்புலகம் அறிந்தே இருக்கின்றது. 2008 இல் தொடங்கிய ‘குளோன் வோர்ஸ்’ சித்திரத் தொடரின் ஆரம்பக் கதையொன்றில், ஆர்ட்டூ எதிரியிடம் அகப்படுகிறது. அனக்கின் விதிப்படி அதன் நினைவை இடைக்கிடை அழிக்காது விட்டமை அப்போது குற்றமாகப் பேசப்படுகிறது. ஆர்ட்டூவின் பிடிவாதமும் துணிவும் தற்சார்பும் அழிக்கப்படாத நினைவின் திரட்சியே எனக் கொள்ளல் தவறாகாது. த்ரீபீயோவின் ஓயாத அச்சத்துக்கும் இதிலே விளக்கம் உண்டு. முன் அனுபவம் இல்லாதவனுக்கு ஒவ்வோர் ஆபத்தும் முதல் ஆபத்தே.

1980 ஆம் ஆண்டுப் படத்தில் த்ரீபீயோ சுட்டுச் சிதறடிக்கப்பட்டு, துண்டுகளாகச் சுமக்கப்பட்டு, தலை பின்புறமாகப் பொருத்தப்படுகிறது. 1983 இல் லூக் இரு எந்திரங்களையும் ஜபா என்னும் கொள்ளைத் தலைவனுக்குப் பரிசாக அனுப்புகிறான். அது தந்திரத்தின் பாற்பட்டது. லூக்கின் வாள் ஆர்ட்டூவினுள்ளே ஒளிந்திருக்கிறது. ஆயின் தான் பரிசுப் பொருள் என்பதை த்ரீபீயோ ஜபாவின் சபையிலேதான் அறிகிறது. அதே படத்தில் கானகவாசிகளாகிய இவொக்குகள் அதனைத் தெய்வமென வணங்க, தெய்வமாக நடிப்பது தன் அமைப்புக்கு ஒவ்வாது என அது தயங்குகிறது. பின்னர் ஓரிரவு, நெருப்பைச் சூழ்ந்த அவர்களுக்குப் போரின் கதையை அவர்கள் மொழியிலேயே ஒலிநயங்களோடு சொல்கிறது. அதற்கு மொழிபெயர்ப்பு வரிகள் தரப்படவில்லை. கதை கேட்டவர் போரிற் சேர்கின்றனர். பணியாளன் வரலாற்றைச் சொல்பவனாகும் இக்காட்சியே இத்தொகுதியில் எமக்கு மிக விருப்பமானது. தொடக்கம் வெட்டப்பட்ட ஒரு வரலாற்றைத்தான் அவன் சொல்கிறான் என்பது முற்கதைகள் வந்த பின்னரே எமக்குத் தெரியவந்தது.

எதிர்ப்புக் குரலே எழவில்லையா? எழுந்தது, மிகத் தாமதமாக. 2018 இல் வெளியான ஹான் சோலோவின் இளமைக் கதையில் எல்-த்ரீ என்னும் எந்திரம் சம உரிமை கேட்கிறது. சுரங்கமொன்றில் சக எந்திரங்களின் கட்டுப்பாட்டு ஆணிகளைக் கழற்றிவிட, பெருங் கலகம் மூள்கிறது. சாப்பெக்கின் றோபோ 98 ஆண்டுகளின் பின் திரும்பி வந்ததாக நாம் மகிழ்ந்திருக்கலாம். ஆனால் அவளது உரிமைக் கோரிக்கை பெரும்பாலும் நகைப்புக்குரியதாகவே எழுதப்பட்டுள்ளது. கலகத்தில் அவள் அழிகிறாள். அவளது மூளையிலுள்ள வழிவரைபடம் தப்பிச் செல்லும் கப்பலின் கணினியோடு இணைக்கப்படுகிறது. அக்கப்பலோ பின்னர் சூதாட்டத்திற் கைமாறுகிறது. விடுதலை வேண்டியவள் என்றென்றைக்கும் ஒருவரது உடைமையின் பாகமாகிவிட்டாள். படம் இதனைத் துயரமாகக் கருதியதாகத் தெரியவில்லை.

இத்தனையும் கூறியபின், ஆகவே இப்படைப்பு பிற்போக்கானது என்று முத்திரை குத்தி ஒதுக்கிவிடலாமா? எமது துறையிலே அத்தகைய விமரிசனத்துக்குக் குறைவில்லை. படைப்பாளி அறிந்து சொன்னதைவிடப் படைப்பு அதிகம் சொல்லக்கூடும் என்பதை பால்சாக்கைப் பற்றிய எங்கெல்ஸின் கருத்துக்களிலிருந்தே நாம் கற்றிருக்கிறோம். விடுதலைக்காகப் போராடுவோரின் கப்பலிலே அடிமைகள் இருப்பதை லூக்காஸ் காட்டினார், கண்டித்தாரில்லை. காட்டியமையினாலேதான் நாம் காண்கிறோம்.

வெளியுலகிலும் இவ்வெந்திரங்கள் உடைமையே. இவற்றைச் சுட்டும் ‘டிரொயிட்’ என்னும் சொல் லூக்காஸ் நிறுவனத்தின் பதிவுபெற்ற வணிகச் சின்னம். 2012 இல் அந்நிறுவனம் ஏறத்தாழ 4 பில்லியன் டொலருக்கு டிஸ்னியிடம் விற்கப்பட்டபோது இவ்விருவரும் மீண்டும் ஒருமுறை கைமாறினர். ஆர்ட்டூவின் உட்குழியில் அமர்ந்து அதனை ஆட்டுவித்த கென்னி பேக்கர் 2016 இற் காலமானார். த்ரீபீயோவாக அந்தனி டானியல்ஸ் ஒன்பது பிரதான படங்களிலும் நடித்தார். எந்திரத்தினுள் மனித உழைப்பு ஒளிந்திருக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

இறுதியாக, 2019 ஆம் ஆண்டுப் படம். பகைவரின் தடைசெய்யப்பட்ட மொழியில் எழுதப்பட்ட ஒரு வாசகத்தை த்ரீபீயோ வாசித்தறிகிறது. ஆனால் அதனை வெளியிடவொட்டாது அதன் அமைப்புத் தடுக்கிறது. நினைவு முழுவதையும் அழித்தால் மட்டுமே அதனைப் பெறலாம். இம்முறை அதன் சம்மதம் பெறப்படுகிறது. நண்பர்களைக் கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொள்வதாகக் கூறிவிட்டு அது இணங்குகிறது. 2005 இற் சில விநாடிச் சிரிப்பாக இருந்தது இங்கு தியாகமாகின்றது. பணியாள் தானே தெரிந்து செய்த செயல் என நாம் உறுதியாகக் கூறக்கூடியது இதுவொன்றே.

பண்டம் இறக்க முடியாது. ஆகவே ஆர்ட்டூ தான் சேமித்து வைத்திருந்த பிரதியைக் கொண்டு த்ரீபீயோவின் நினைவை மீட்டுக் கொடுக்கிறது. ஆனால் அப்பயணத்தின்போது ஆர்ட்டூ தளத்திலேயே தங்கியிருந்தது. அதனிடம் இருந்தது புறப்படுவதற்கு முன்னைய பிரதி. விழித்தெழும் த்ரீபீயோவுக்கு எல்லாரும் நினைவில் இருக்கின்றனர். தான் செய்த தியாகம் மட்டும் நினைவில் இல்லை.